டிரங்குப் பெட்டியில் ஒரு ஹாலி நோட்டு

லாலாகுடாவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்புகிறவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது, பரண் மேலிருந்து ஒரு தகர டிரங்குப் பெட்டி இறங்கும். சென்ற மாதம் பக்கத்து வீட்டில் இறங்கிய பெட்டியில், ஜாதகக் கட்டுக்கு அடியில், நான்காக மடித்த பத்து ரூபாய் நோட்டு ஒன்று கிடந்தது. உருது எழுத்துடன் தெலுங்கு, மராட்டி, கன்னடமும் இருந்தன. வீட்டுக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "ஸார், இது எவ்வளவுக்குப் போகும்?"

கேள்வியில் தவறில்லை. ஆனால் அது இரண்டாவது கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அது நிஜாம் அரசின் உஸ்மானியா சிக்கா நோட்டு. ஜனங்கள் வாயில் ஹாலி. முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததால், 1918-ல் சட்டம் செய்து பத்து, நூறு ரூபாய் நோட்டுகளை வெளியிட்டார்கள். 1919-ல் ஒன்றும் ஐந்தும் வந்தன, 1926-ல் ஆயிரம். ஆறு பிரிட்டிஷ் ரூபாய்க்கு ஏழு ஹாலி என்பது கணக்கு. ஹாலியில் எழுபது ரூபாய் சம்பாதித்தவர் ஊருக்கு அனுப்பினால் அங்கே அறுபதுதான்.

1947 நவம்பர் 29-ல் இந்தியாவுடன் நிஜாம் 'உள்ளது உள்ளபடி' ஒப்பந்தம் செய்தார். சிறிது காலத்திலேயே, இந்திய ரூபாய் சமஸ்தானத்தில் செல்லாது என்று அவசரச் சட்டம் வந்தது. பாகிஸ்தானுக்கு இருபது கோடி ரூபாய்க் கடன் கொடுத்ததும் பெரிய தகராறாயிற்று. ஒரு பக்கம் ரஜாக்கர்கள், ஒரு பக்கம் தெலங்கானா ஆயுதப் போராட்டம். உள்நாட்டுப் போர் என்றே சொல்லலாம். பலர் குடும்பத்தோடு எல்லை தாண்டினார்கள். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்து நிஜாம் ஆட்சிக்கு முடிவு கட்டியது. ஹாலி உடனே சாகவில்லை. இந்திய ரூபாயுடன் சில ஆண்டுகள் கூடவே புழங்கித்தான் மறைந்தது.

எல்லா நோட்டுக்கும் அந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்கள் அச்சிட்ட நோட்டுகள், சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு பணம் தருவதாக வாக்களித்தன. 1865-ல் தோற்றதும் வெறும் காகிதமாயின. மலேயாவில் நம் தமிழர்கள் சேர்த்து வைத்த ஜப்பான் காலத்து வாழைமர நோட்டுகளுக்கும் 1945-ல் அதே கதிதான். இன்று இவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

"வயிற்றுக்குச் சரித்திரம் சோறு போடுமா?" என்று கேட்கலாம். நியாயம்தான். விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏமாற வேண்டாம் என்கிறேன். பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி, முதலில் 'கமிஷன்' கட்டச் சொல்கிறவர்களை நம்பக்கூடாது. ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியே இந்த மோசடி நடக்கிறது என்று 2021-ல் அந்த வங்கியே எச்சரித்தது. நோட்டைக் கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், கிழிசலுக்கு டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். எல்லாமே மதிப்பைக் குறைக்கும். கையெழுத்தையும் பாருங்கள். சில நோட்டுகளில் நிஜாமின் நிதி மந்திரியாக இருந்த குலாம் முகமதுவின் கையெழுத்து இருக்கும். அவர்தான் 1951-ல் பாகிஸ்தானின் கவர்னர் ஜெனரலானவர். இரண்டு பேரிடமாவது விலை கேட்காமல் கைமாற்றாதீர்கள்.

அதற்கெல்லாம் முன்னால், முதல் கேள்வி: இதை யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள்?

பக்கத்து வீட்டுக்காரர் ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டார். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த தாத்தாவுக்குத் தெரியாமல் பாட்டி முடிந்து வைத்த பணமாம் அது. 'நிலைமை மோசமானால் பிள்ளைகளோடு ரயிலேற' என்று வைத்ததாம். ரயிலேறும்படி நேரவில்லை, நோட்டு அப்படியே தங்கிவிட்டது.

வாங்குகிறவரிடம் விலைப் பட்டியல் இருக்கும். இந்த விவரம் இருக்காது. அது தெரிந்தவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது. விற்பதோ வைப்பதோ உங்கள் இஷ்டம். அதற்கு முன் அவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். லாலாகுடாத் தமிழர்களின் சரித்திரத்தை வேறு யாரும் நமக்காக எழுதப் போவதில்லை.