ஆறுதலுக்காக வரைந்தவை அல்ல

நாஜி வதைமுகாம்களில் கைதிகள் ஒளித்து வரைந்த படங்களைப் பற்றி யார் பேசினாலும், எழுதினாலும் ஒரு வாசகம் வந்து விழுகிறது: 'முள்வேலிக்குள்ளும் கலை வென்றது.' துயரை மறக்க வரைந்தார்கள், இருட்டிலும் அழகைத் தேடினார்கள், தூரிகை உயிரைக் காத்தது என்று அந்த வாதம் நீளும். ஆண்டுக்கணக்கில் யாரும் எதிர்த்துக் கேட்காததால் அது உண்மையைப் போல நிலைத்துவிட்டது. செத்தவர்களுக்கு இழைக்கும் அநியாயம் இது.

தூரிகை உயிரைக் காத்ததற்குச் சான்றாகக் காட்டப்படுபவர் டினா காட்லீபோவா. ஆஷ்விட்ஸில் ரோமா (ஜிப்சி) கைதிகளின் முகங்களை வரையும்படி அவருக்குக் கட்டளையிட்டவன் முகாம் மருத்துவன் மெங்கலே. டினாவும் அவர் தாயும் பிழைத்தார்கள். 1944 ஆகஸ்டில் ரோமா முகாமில் மிஞ்சியிருந்தவர்கள் நச்சுவாயுவுக்கு இரையானார்கள். இதில் வென்றது எது?

குழந்தைகளின் படங்களையும் காட்டுவார்கள். செக் ஊரான தெரேசியன்ஸ்டாட்டில் நாஜிகள் வைத்திருந்த முகாமில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்த பிரீடல் டிக்கர்-பிராண்டைஸும், அந்தப் பிள்ளைகளில் மிகப் பலரும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள்.

துயரை மறக்க வரைந்தார்கள் என்பதுதான் மிகப் பெரிய பொய். அதே தெரேசியன்ஸ்டாட்டில் ஒரு வரைபட அலுவலகம் இருந்தது. பெட்ரிஷ் பிரிட்டா அதன் தலைவர். லியோ ஹாஸ், ஓட்டோ உங்கர், ஃபெர்டினாண்ட் ப்ளோக் முதலியோர் உடன் வேலை செய்தவர்கள். பகலில் எஸ்.எஸ். அதிகாரிகளுக்கான திட்டப்படங்களையும் அட்டவணைகளையும் தீட்டினார்கள். அதே காகிதத்திலும் மையிலும் ரகசியமாக வேறொன்றை வரைந்தார்கள்: கஞ்சிக்கு நிற்கும் கிழவர்கள், பிணங்களை ஏற்றி மனிதர்களே இழுத்த வண்டிகள், கிழக்கே அனுப்பப்படக் காத்திருந்த கூட்டம். 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதிகள் வந்தபோது அவர்களுக்குக் காட்டுவதற்காக ஊரே ஒப்பனை செய்யப்பட்டிருந்தது. அந்தப் பொய் முகப்பையும் பிரிட்டா விட்டுவைக்கவில்லை, வரைந்துவிட்டார். சில படங்கள் முகாமுக்கு வெளியே கடத்தப்பட்டன.

ஜூலை 17 அன்று அந்த ஓவியர்கள் மீது விசாரணை. யூதர்களை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை நடத்திய எஸ்.எஸ். அதிகாரி ஐக்மனே நேரில் வந்திருந்தான். கொடூரப் பிரசாரம் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆறுதலுக்காகக் கிறுக்கிய படங்கள் என்றால் ஐக்மன் எதற்கு வரவேண்டும்? அவை வெளியே போனால் என்ன ஆகும் என்பது கொலைகாரர்களுக்குத் தெரிந்திருந்தது, வரைந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஓவியர்கள் குடும்பத்தோடு அருகிலிருந்த சிறுகோட்டை என்ற சிறைக்குப் போனார்கள். ப்ளோக் அங்கேயே கொல்லப்பட்டார். உங்கரின் கையை நசுக்கினார்கள். விடுதலைக்குப் பின் சில மாதங்களிலேயே அவர் இறந்தார். பிரிட்டா ஆஷ்விட்ஸில் மாண்டார். அவர் மனைவி சிறுகோட்டையிலேயே உயிரைவிட்டார். மகன் டோமியின் மூன்றாவது பிறந்தநாளுக்காகப் பிரிட்டா வரைந்த படப்புத்தகத்தைப் பலரும் நெகிழ்ந்து புகழ்கிறார்கள். பிறந்தநாள் கழிந்து ஆறு மாதத்துக்குள் அந்தக் குழந்தையும் சிறைக்குப் போனான் என்பதையும் சேர்த்தல்லவா சொல்லவேண்டும்?

பிழைத்து வந்தவர் ஹாஸ். 1945இல் தெரேசியன்ஸ்டாட்டுக்குத் திரும்பி, சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் புதைத்துவைத்த படங்களை மீட்டார். டோமியை அவரும் மனைவியும் தத்தெடுத்து வளர்த்தார்கள். மனத்தைத் தேற்றிக்கொள்ள வரைந்திருந்தால், வரைந்த மறுநாளே கிழித்திருக்கலாம். உயிரைப் பணயம் வைத்துப் புதைத்தது பின்னால் வருபவர்கள் பார்ப்பதற்காக.

அழகைத் தேடினார்கள் என்பவர்கள் ஆஷ்விட்ஸின் பகுதியான பிர்கெனாவில் 1947இல் கிடைத்த சிறு ஏட்டைப் பார்க்கட்டும். தகனக்கூடங்களுக்கு அருகே ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், புட்டிக்குள் அடைத்துவைத்த 22 தாள்கள். வரைந்தவர் யார் என்பதற்கு அதில் இருப்பது எம்.எம். என்ற இரண்டெழுத்துக் கையொப்பம் மட்டுமே. ரயிலிலிருந்து இறங்கியவர்களைப் பிரிப்பது, குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிடுங்குவது, சடலங்களை லாரியில் ஏற்றுவது எல்லாம் அதில் உண்டு. கைதிகளை மேய்த்தவர்களின் கைப்பட்டைகளையும், குடியிருப்பு எண்களையும், வண்டிகளின் எண் பலகைகளையும் அவர் விடாமல் குறித்திருக்கிறார். அழகைத் தேடியவருக்கு லாரியின் எண் எதற்கு? கொன்றவர்களை அடையாளம் காட்டத்தான் அவர் வரைந்தார்.