சந்தியில் நிற்கும் மனிதர்

காலை ஏழரை மணிக்குப் பொரளைச் சந்தியையோ மருதானைச் சந்தியையோ கடந்து செல்லும் நம்முள் எத்தனை பேர், அங்கே நின்று கைகாட்டும் பொலிஸ் உத்தியோகத்தரின் முகத்தைப் பார்த்திருக்கிறோம்? அவருடைய கையை மட்டுமே பார்க்கிறோம். அது நம்மை மறித்தால் முணுமுணுக்கிறோம்.

அவர் தாங்கும் சுமையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். தலைக்கு மேலே வெயில். காலடியில் கொதிக்கும் தார் வீதி. வாகனப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, இரத்தத்திலே பிராணவாயுவின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும் நச்சுவாயு. டீசல் புகை புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையைக் கேட்பவரின் செவிப்புலன் காலப்போக்கிற் குன்றும்.

மனத்தின் சுமையோ இவற்றினும் பெரிது. பொறுப்பு மிகுந்து அதிகாரம் குறைந்த தொழிலே மனிதரை மிகவும் வாட்டுகின்றது என்று, ரொபேர்ட் கராசெக் என்னும் அறிஞர் 1979இல் எடுத்துரைத்தார். சந்தியில் நெரிசல் ஏற்பட்டால் பழி உத்தியோகத்தரைச் சேரும். ஆனால் வீதியின் அகலமோ வண்டிகளின் தொகையோ அவர் கையில் இல்லை. சட்டத்தை நிலைநாட்டினால் ஏச்சு, நிலைநாட்டாவிடினும் ஏச்சு. கோபம் வந்தாலும் அதை முகத்திலே காட்டலாகாது.

ஆபத்து நேரும்போது அதிரினலீன் சுரந்து இதயம் விரைந்து துடிப்பதும், ஆபத்து நீங்கியதும் தேகம் அமைதியடைவதும் இயற்கை. ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் நெருக்கடி தொடர்ந்தால் அமைதி ஏது? இத்தகைய தேகம் முதலில் அதிர்ந்து, பின் எதிர்த்து நின்று, ஈற்றில் ஓய்ந்து விடுகிறது என்று, 1936ஆம் ஆண்டு முதல் இத்துறையை ஆராய்ந்த ஹான்ஸ் செலியே விளக்கினார். உறக்கமின்மையும் இரத்த அழுத்தமும் எரிச்சலும் அவ்வாறே தோன்றுகின்றன. அந்த எரிச்சல் வீட்டு வாசலையும் தாண்டுகிறது. காரணமறியாத பிள்ளைகள், தந்தைக்குத் தம்மீது வெறுப்பென்று எண்ணிக் கலங்குகின்றனர்.

மதுவை நாடுவதும், யாவற்றையும் நெஞ்சுள் அடக்குவதும் பரிகாரமாகா. அவை நோயை வளர்ப்பன. முறைமாற்றுக் கடமை, நிழல், குடிநீர், போதிய உறக்கம், நம்பி மனந்திறந்து பேச ஒருவர் என்பனவே உண்மையான துணைகள். முதல் நான்குக்கும் மேலதிகாரிகள் வழிசெய்தல் வேண்டும். மனநல வைத்தியரை நாடுவோரைக் கோழையென்று எவரும் இகழலாகாது. கடமை முடிந்து வருபவருக்கு வீட்டார் அரைமணி நேரம் ஓய்வளித்து, அதன்பின் குடும்பத்துக் குறைகளை எடுத்துரைப்பது நன்று.

நமக்கும் ஒரு கடமை உண்டு. வீணே ஹோர்ன் ஒலியெழுப்பாதிருப்போம். பாதசாரிக் கடவையிலேயே வீதியைக் கடப்போம். மறித்த கைக்கு மதிப்பளிப்போம். மாணவர்களே, நாளைக் காலை சந்தியில் நிற்பவருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். அவரும் ஒரு வீட்டின் தந்தையாகவோ தாயாகவோ இருக்கக்கூடும்.