கதவைச் சாத்திக்கொள்ளும் மாணவர்கள்

விடுதி கட்டத் தொடங்கும் கல்லூரி நிர்வாகம் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை பேரைத் தங்கவைக்கலாம் என்பது. ஒரு காரிடாரையும் ஒரு குளியலறையையும் எத்தனை பேர் பகிர்ந்துகொள்வார்கள் என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. மாணவர்களின் நட்பும் மனநலமும் பெரிதும் இந்த இரண்டாவது எண்ணிக்கையைப் பொறுத்தவை. அதற்கான சான்று ஏறக்குறைய அரை நூற்றாண்டாக நம் முன்னே கிடக்கிறது.

அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் இரு வகை விடுதிகள் இருந்தன. ஒன்றில் நீண்ட காரிடார், வரிசையாக இருவர் தங்கும் அறைகள். ஒரு தளத்தின் முப்பத்துச் சொச்சம் பேருக்கும் பொதுவான குளியலறை. மற்றதில் இரண்டு மூன்று அறைகள் சேர்ந்து சிறு வீடாக அமைந்திருந்தன. நான்கு முதல் ஆறு பேருக்குத் தனிக் கூடம், தனிக் குளியலறை. தலைக்குக் கிடைத்த இடம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. உளவியலாளர்கள் ஆண்ட்ரூ பாமும் ஸ்டூவர்ட் வாலின்ஸும் இவற்றை ஒப்பிட்டு 1977-இல் நூல் எழுதினார்கள். காரிடார் மாணவர்களே நெரிசலை அதிகம் உணர்ந்தார்கள். உடன் வசிப்பவர்களைத் தவிர்க்கப் பார்த்தார்கள். வேறொரு கட்டடத்தில், ஆய்வுக்காகக் காத்திருந்தபோதுகூட அறிமுகமில்லாதவரிடமிருந்து தள்ளியே உட்கார்ந்தார்கள். விடுதியில் பழகிய ஒதுங்கல் வெளியிலும் கூடவே வந்தது.

பல் துலக்கப் போகும் வழியில் யார் எதிரே வருவார், எப்போது பேச நேரும் என்பது அவர்கள் கையில் இல்லை. விரும்பாத சந்திப்புகள் பெருகினால் மனிதர்கள் விரும்பும் சந்திப்புகளையும் கைவிடுகிறார்கள்.

இதற்குத் தீர்வும் அதே துறையிலிருந்து வந்தது. பாம், க்ளென் டேவிஸ் இருவரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 40 மாணவியர் வசித்த ஒரு தளத்தின் நடுவிலிருந்த மூன்று அறைகளைப் பொதுக் கூடமாக்கி, கதவு வைத்து, தளத்தை இருபது இருபதாகப் பிரித்தார்கள். புதுக் கட்டடம் எதுவும் எழுப்பவில்லை. மாற்றம் செய்யாத நீண்ட தளத்தோடு ஒப்பிட்டால் இங்கே நெரிசல் உணர்வு குறைந்தது, தளத்துக்குள் தோழமைக் குழுக்கள் எளிதில் உருவாயின. கட்டட ஆராய்ச்சியில் இவ்வளவு சிறிய செலவில் இவ்வளவு தெளிவான பலனை நான் வேறெங்கும் படித்ததில்லை.

நேர் எதிரான நம்பிக்கையும் உண்டு. அறையின் வசதியைக் குறைத்தால் மாணவர்கள் தாமாகப் பொது இடத்துக்கு வருவார்கள் என்பது அது. கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் உள்ள பல்கலைக்கழகத்துக்காகக் கோடீஸ்வரர் சார்லி மங்கர் முன்வைத்த 11 மாடி விடுதித் திட்டத்தில் சுமார் 4,500 பேருக்கு இடம் இருந்தது. மிகப் பெரும்பாலான படுக்கையறைகளுக்கு ஜன்னல் கிடையாது. 2021-இல் ஆலோசனைக் கட்டடக் கலைஞர் ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்து விலகினார். 2023-இல் பல்கலைக்கழகம் திட்டத்தைக் கைவிட்டது. வெளிச்சத்தைப் பறித்து உறவை வளர்க்கலாம் என்பது கொடுமையான கணக்கு. தன் கதவைச் சாத்திக்கொள்ள முடிகிறவரால்தான் அதை மனம் விரும்பித் திறக்கவும் முடியும்.

கோபன்ஹேகனில் 2006-இல் முடிந்த டீட்கன் விடுதி இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. வட்டக் கட்டடம், அறைகள் வெளிப்புறம் பார்க்கின்றன, சமையலறைகளும் கூடங்களும் உள்முற்றத்தைப் பார்க்கின்றன. 12 அறைகளுக்கு ஒரு சமையலறை. எதிர்ப்புறத்தில் யார் சமைக்கிறார்கள் என்று தெரியும். போய்ச் சேர்ந்துகொள்வதும் அறையிலேயே இருப்பதும் அவரவர் விருப்பம்.

டென்மார்க்கின் பணம் நம்மிடம் இல்லைதான். ஆனால் பன்னிரண்டு என்ற எண்ணுக்குப் பெரிய செலவு இல்லை. தமிழக அரசின் மாணவர் விடுதிகளையே எடுத்துக்கொள்வோம்; 2025-இல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் சூட்டப்பட்டது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைகள் பலர் தங்கும் இடங்கள் அவை. ஊரைவிட்டு வந்தவருக்கு அந்தத் தளத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் கிடைப்பது படிப்பையே காப்பாற்றும். மகளிர் விடுதிகளில் இந்தத் தேவை இன்னும் கூடுதல். மாலையிலேயே வெளிக்கதவைப் பூட்டிவிடும் இடங்களில் அந்தக் கட்டடம்தான் அவர்களுக்கு மைதானம், கடைத்தெரு, பூங்கா எல்லாம். அங்கே ஒரு முற்றமும், மாடிப்படித் திருப்பத்தில் உட்கார ஒரு பெஞ்சும், தளத்துக்கொரு டீ போடும் இடமும் ஆடம்பரம் ஆகாது.

மூன்று அறைகளை விட்டுக்கொடுத்தால் ஆறு கட்டில் போகுமே என்று நிர்வாகங்கள் சொல்லும். போகட்டும். தனிமை தாங்காமல் பாதியில் ஊர் திரும்பும் பிள்ளையின் கட்டிலும் காலியாகத்தான் கிடக்கிறது. புதிய விடுதிக்கு ஒப்புதல் தரும் குழுக்கள் வரைபடத்தை விரித்ததும், ஒரு காரிடாருக்கு எத்தனை பேர் என்று முதலில் கேட்கட்டும். விடை இருபதைத் தாண்டினால் திருப்பி அனுப்பட்டும்.