ஓவிய பீரியடைப் பிடுங்காதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

விடுமுறை விட்டால் கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் பிள்ளைகளைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போகிறோம். ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கும் இருதய ஆண்டவர் பசிலிக்காவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1902இல் தொடங்கி 1907இல் முடித்த கோத்திக் பாணித் தேவாலயம். வாசலில் ஒரு செல்ஃபி, உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னலை இரண்டு போட்டோ, அதோடு கடற்கரைக்குக் கிளம்பிவிடுவோம். வெளியே வந்ததும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: "அந்த ஜன்னல் மேலே வட்டமாக முடிகிறதா, கூராக முடிகிறதா?" பெரும்பாலும் விழிப்பார்கள். பெற்றோரும்தான்! கோத்திக்கின் உயிரே அந்தக் கூர்வளைவில்தான் இருக்கிறது. கூரையின் பாரத்தைச் சுவர் முழுக்கச் சுமக்காமல் தூண்கள் வழியே இறக்கிவிடுவதால்தான் அவ்வளவு பெரிய ஜன்னல்களை வைக்க முடிந்தது.

இந்த வளைவுகளை ஒன்றுவிடாமல் உற்றுப் பார்த்தவர்கள் ஐரோப்பாவின் எட்சிங் ஓவியர்கள். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கோடு கீறி, அமிலத்தில் இறக்குவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை ஏற்றி ஈரத்தாளில் அழுத்தி எடுத்தால் படம். அச்சில் இடம் வலம் மாறிவிடும் என்பதால் அதையும் முன்கூட்டியே யோசித்துக் கீற வேண்டும். பார்க்காமல் ஒரு கோடுகூடப் போட முடியாத வேலை.

பிராகாவில் பிறந்த ஹோலர், லண்டனின் பழைய செயின்ட் பால் தேவாலயத்தை உள்ளும் புறமும் இப்படிச் செதுக்கினார். 1658இல் அவை புத்தகத்தில் வந்தன. எட்டே ஆண்டில், 1666 பெருந்தீயில் அந்தக் கட்டடம் அழிந்தது. இன்று லண்டனில் நாம் பார்ப்பது பிறகு கட்டியது. பழையது எப்படி இருந்தது என்று கேட்டால் ஹோலரின் படங்களைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

பாரிஸில் மெரியோன் என்றொருவர், கடற்படை அதிகாரியாக இருந்தவர். நிறக்குருடு. அதனால் வண்ணத்தை விட்டு எட்சிங்குக்கு வந்தார். 1854இல் நோத்ர தாம் தேவாலயத்தின் பின்புறத்தைப் போட்டார். 2019 தீயில் சரிந்து விழுந்ததை டிவியில் பார்த்தோமே, அந்தக் கூர்கோபுரம் அவர் படத்தில் இல்லை. அது 1859இல்தான் எழும்பியது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? நான் பணியாற்றிய பள்ளிகளில் தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது ஓவிய பீரியட். கணக்குக்குக் கொடு, அறிவியலுக்குக் கொடு என்பார்கள். ஓவிய ஆசிரியரும் பாவம், வாய் திறக்கமாட்டார். "ஓவியம் சோறு போடுமா சார்?" என்று கேட்ட பெற்றோரும் உண்டு. நான் வரலாறு நடத்தியவன். கோபுரத்தைப் பற்றி ஐந்து மதிப்பெண் விடை எழுதும் பிள்ளைக்கு அதில் எத்தனை நிலை என்று தெரியாமல் இருப்பதைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

ஆசிரியர் வேலையில் இருக்கும் என் மாணவர்களுக்கு: அந்த பீரியடைக் கேட்டு வாங்காதீர்கள், கேட்டால் கொடுக்கவும் வேண்டாம். மற்றவர்களுக்கு: அடுத்த ஞாயிறு பிள்ளையோடு சிதம்பரம் கீழக் கோபுர வாசலுக்குப் போங்கள். உட்புறச் சுவரில் 108 கரணங்கள் இருக்கின்றன. ஏதாவது ஒன்றை, போனை அணைத்துவிட்டு, அரைமணி நேரம் வரையச் சொல்லுங்கள். பென்சிலும் நோட்டும் போதும். ரப்பர் தராதீர்கள்.