இடிச்சது யாருன்னு சட்டையைப் பாத்து சொல்லாதீங்க

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. இன்னிக்கு வழக்கமான மொக்கை கிடையாது. கொஞ்சம் கோவமா எழுதப் போறேன். கோவம் யார் மேலன்னு படிச்சுட்டு வாங்க, தெரியும்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பெங்களூர்ல பொட்டி தட்டுறவன் லீவுக்கு நெருப்பெரிச்சல் வந்திருந்தேன். அப்பாவுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தரோட பனியன் கம்பெனிக்கு ஒரு வேலையா அப்பாவும் நானும் கார்ல போனோம். நம்மூர்க்காரங்களுக்குத் தெரியும், சனிக்கிழமைன்னா சம்பள நாள். காம்பவுண்டுக்குள்ள ஒரு பக்கம் காரு, எதிர்ப்பக்கம் குட்டியானை, நடுவுல டிவிஎஸ் எக்ஸ்எல்ல கட்டிங் பண்டலை முன்னாடியும் பின்னாடியும் கட்டிக்கிட்டு ஜாப் ஒர்க்குக்குப் போறவங்க, வேலை முடிஞ்சு வெளிய வர்ற பொம்பளைங்க. எல்லாத்துக்கும் இருந்தது அந்த இருபதடி சந்துதான்.

நான் காரை ரிவர்ஸ் எடுத்தேன். எதிர்ப்பக்கமிருந்து ஒரு குட்டியானையும் ரிவர்ஸ்ல வந்துச்சு. டமார். எனக்கு பம்பர் விரிசல், அவருக்கு பின்னாடி லைட் காலி.

முப்பது செகண்ட்ல பஞ்சாயத்து கூடிருச்சு. மூணே நிமிஷத்துல தீர்ப்பும் வந்துருச்சு. "ஏப்பா, கண்ணு தெரியலையா? காரு நிக்கிறது தெரியாம வந்து உடறே?" டிரைவருக்கு ஐம்பது வயசு இருக்கும். "நான் நிறுத்தித்தானுங்க இருந்தேன், பிள்ளைங்க குறுக்க போச்சுங்க"ன்னு ரெண்டு தடவை சொன்னார். ஒருத்தர் காதுலயும் ஏறல. பம்பருக்கு 3,500 ரூபா, அவர் சம்பளத்துல பிடிச்சுக்கலாம்னு முடிவாச்சு. நானு? "பரவால்லீங்க, விடுங்க"ன்னு பெருந்தன்மையா சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். ஓனர் விடல, பிடிச்சுட்டார்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டார். "ஏன்டா, அந்த வண்டி நின்னுட்டுத்தானே இருந்துச்சு?"

ஆமாங்க. நின்னுட்டுத்தான் இருந்துச்சு. எனக்கும் தெரியும்.

சரி, இப்ப விஷயத்துக்கு வருவோம். பார்க்கிங்ல ரிவர்ஸ்ல இடிச்சா தப்பு யாருது? நம்ம ஊர் பஞ்சாயத்துல புழங்குற சட்டங்களை ஒவ்வொண்ணா எடுத்துக்கலாம்.

ஒண்ணு: "ரெண்டு பேரும் ரிவர்ஸ், அதனால ஆளுக்குப் பாதி." கேக்க நியாயமா இருக்கு. ரெண்டு வண்டியும் ஓடிக்கிட்டு இருந்தா சரிதான். ஒருத்தன் பாத்துட்டு நிறுத்திட்டான், இன்னொருத்தன் பாக்காம வந்து இடிச்சான்னா அது எப்படிங்க பாதி? நிறுத்துனவன் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டான். அவன்கிட்ட பாதி கேக்குறது, பிரேக் போட்டதுக்கு அபராதம் போடுற மாதிரி.

ரெண்டு: "சென்சார் கத்தலையே." இதைத்தான் நான் எனக்கே சொல்லிக்கிட்டேன். இந்தியாவுல 2019 ஜூலை 1-லிருந்து தயாரிக்கிற கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். நல்ல விஷயம். ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. பல சென்சார்கள் ஒன்றரை மீட்டர் சுமாருக்கு வந்தாத்தான் கத்தும். மணிக்கு 5 கிலோமீட்டர்ல பின்னாடி வந்தாக்கூட ஒரு செகண்டுக்கு 1.4 மீட்டர் நகருவோம். சத்தத்தைக் கேட்டு, புரிஞ்சு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை செகண்ட்னு வைங்க. அதுக்குள்ள 2 மீட்டர் தாண்டியாச்சு. அதாவது பிரேக்கை மிதிக்கும்போது இடிச்சே முடிச்சிருப்போம். அந்த சென்சார் நகந்து நகந்து வர்றவனுக்குத்தான் உதவும். கண்ணை மூடிட்டு வர்றவனுக்கு இல்ல.

மூணு: "ஹாரன் அடிச்சேனே", "கிளீனர் வரலாம் வரலாம்னு சொன்னானே." ஹாரன் அடிச்சா வழி உனக்கு எழுதி வெச்ச சொத்தாயிடாது. கைகாட்டுறவன் உதவிக்கு. ஸ்டியரிங் யார் கையில இருக்கோ பொறுப்பும் அவன் கையிலதான். 2017-ல வந்த மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளோட சாராம்சமும் அதுதான்: பின்னாடி எடுக்கிறவன்தான் யாருக்கும் ஆபத்து இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டு எடுக்கணும்.

நாலு: "இது கம்பெனி காம்பவுண்டு, ரோட்டு ரூலெல்லாம் இங்க செல்லாது." மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(34)-ல பொது இடம்னா பொதுமக்கள் போக உரிமை இருக்கிற ரோடு மட்டுமில்ல, மத்த இடமும்தான்னு இருக்கு. இன்சூரன்ஸ் வழக்குகள்ல உயர்நீதிமன்றங்கள் இதை விரிவாவே அர்த்தம் பண்ணியிருக்காங்க. அதை விடுங்க. பாக்காம வந்து அடுத்தவனுக்கு நஷ்டம் பண்ணா தப்புன்னு சொல்ல கேட்டுக்கு உள்ளயா வெளியயான்னு பாக்கணுமா?

அஞ்சாவது ஒண்ணு இருக்கு. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, ஆனா எல்லாரும் அதை வெச்சுத்தான் தீர்ப்பு சொல்றாங்க. கார்ல வந்தவன் படிச்சவன், பாத்துத்தான் வந்திருப்பான். லோடு வண்டிக்காரன் அவசரத்துல குருட்டாம்போக்குல வந்திருப்பான். அன்னிக்கு எங்க ரெண்டு வண்டிக்கும் நேர் மேல ஒரு கேமரா இருந்துச்சுங்க. பண்டல் கணக்குக்காக வெச்சது. ஒரு பண்டல் குறைஞ்சா ரெண்டு மணி நேரம் ஓட்டி ஓட்டிப் பாக்குறோம். ஒரு மனுஷனோட சம்பளத்துல கை வைக்கும்போது ரெண்டு நிமிஷம் பாக்கலாம்னு ஒருத்தர் சொல்லல. நானும் சொல்லல.

கோர்ட்டு, இன்சூரன்ஸ்னு போகலாமேன்னு கேப்பீங்க. அடுத்தவர் வண்டிக்கு ஆன சேதத்துக்கு கார் பாலிசியில வழக்கமா ஏழரை லட்சம் வரைக்கும் கவர் இருக்கு, வாஸ்தவம். ஆனா அதை வாங்க மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துக்குப் போகணும். உடைஞ்ச லைட்டுக்கு எவன் போவான்? நம்ம பாலிசியிலயே கிளெய்ம் பண்ணா நோ கிளெய்ம் போனஸ் போயிரும். அதனாலதான் இந்த மாதிரி சின்ன இடிக்கெல்லாம் கடைசி தீர்ப்பு ஓரமா நிக்கிறவங்க வாயில இருக்கு. மேல்முறையீடே கிடையாது. அப்ப அந்த வாய் எவ்வளவு ஜாக்கிரதையா இருக்கணும்?

என்னோட ரூல் இதுதான். நின்ன வண்டிக்கும் ஓடுன வண்டிக்கும் தகராறுன்னா ஓடுனவன் தப்பு. நேரா வர்றவனுக்கும் ரிவர்ஸ்ல வர்றவனுக்கும்னா பெரும்பாலும் ரிவர்ஸ்காரன் தப்பு. நேரா வந்தவன் சந்துக்குள்ள பறந்து வந்திருந்தா அவனுக்கும் பங்கு உண்டு. ரெண்டு பேரும் ரிவர்ஸ்ல ஓடிக்கிட்டே இடிச்சா பாதிப் பாதி. நடந்து போற ஆள் மேல இடிச்சுட்டு "ஏன் குறுக்க வந்தே"ன்னு எவனும் கேக்கக் கூடாது. அன்னிக்கு அந்த டிரைவர் நிறுத்துனதே பிள்ளைங்களுக்காகத்தான். அவர் நிறுத்தாம இருந்திருந்தா, நடுவுல மாட்டியிருக்கப் போறது பம்பர் இல்ல.

திங்கக்கிழமை பெங்களூர் போகாம கம்பெனிக்குப் போனேன். ஓனர்கிட்டயும், அன்னிக்கு நின்ன சூப்பர்வைசர்கிட்டயும் தப்பு என்னுதுன்னு சொன்னேன். 3,500-ஐயும் லைட்டுக்கான காசையும் அந்த அண்ணன் கையில குடுத்தேன். வாங்கிக்கிட்டார். திட்டுவார்னு நினைச்சேன், திட்டல.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்குமுங்க தம்பி. எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்கல்ல"ன்னு மட்டும் சொன்னார்.

காசைத் திருப்பிக் குடுத்துட்டேன். அதை எப்படித் திருப்பிக் குடுக்கறதுன்னு தெரியல.

கோவம் யார் மேலன்னு இப்ப புரிஞ்சிருக்கும். உங்க ஊர்ல இந்தப் பஞ்சாயத்து எப்படி நடக்குதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டணும்னாலும் தாராளமா திட்டலாம், இந்தப் பதிவுக்கு மட்டும் மட்டுறுத்தல் கிடையாது :-)