மறந்துவிடு என்பது மருந்தல்ல!

வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் யாரிடம் போய் முறையிடும்? ஆஸ்திரேலியா நாட்டில் பல்லாரட் என்று ஓர் ஊர். தங்கச் சுரங்கங்களால் பெயர் பெற்ற ஊர். இந்தக் கேள்வி அங்கே நிஜமாகவே எழுந்தது. பிள்ளைகளைக் காக்க வேண்டிய பாதிரியார்களிலும், மதப் பள்ளி ஆசிரியர்களிலும் சிலர், பல ஆண்டுகளாகச் சிறுவர் சிறுமியரைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கினார்கள்.

2015-ம் ஆண்டு அந்த ஊர் மக்கள் ஒரு காரியம் செய்தார்கள். கொடுமை நடந்த இடங்களின் வேலிகளில் வண்ண வண்ண ரிப்பன்களைக் கட்டினார்கள். "நீங்கள் சொல்வதை நாங்கள் நம்புகிறோம்" என்பதே அதன் பொருள்.

ரிப்பன் கட்டினால் காயம் ஆறிவிடுமா? ஆறாது. ஆனால் ஆறுவதற்கு முதல் படி அதுதான். சொன்னதை நம்ப ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைக்கும் வரை எந்த வைத்தியமும் தொடங்காது.

24 ஆண்டு மௌனம்

இந்தக் கொடுமைகளை விசாரிக்க ஆஸ்திரேலிய அரசு 2013-ல் ஒரு விசாரணைக் கமிஷன் அமைத்தது. கமிஷன் ஐந்து ஆண்டுகள் வேலை செய்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தனித்தனியே உட்கார வைத்து, அவர்கள் கதையைக் கேட்டது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், கொடுமை நடந்த இடம் மத நிறுவனம் என்றார்கள்.

நடந்ததை வெளியே சொல்ல அவர்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா? சராசரியாகக் கிட்டத்தட்ட 24 ஆண்டுகள்! பத்து வயதில் பட்ட காயத்தை முப்பத்து நாலு வயதில்தான் வாய் திறந்து சொல்ல முடிந்தது.

ஏன் இத்தனை தாமதம்? சிறு வயதிலேயே சொன்னவர்களும் உண்டு. "பாதிரியாரைப் பற்றி இப்படியா பேசுவது?" என்று அவர்களில் சிலருக்கு அடிதான் கிடைத்தது. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

இரட்டைக் காயம்

மத நிறுவனத்தில் நடக்கும் கொடுமை மற்றக் கொடுமைகளைப் போன்றதல்ல. தீங்கு செய்தவர் கடவுளின் பெயரால் வந்தவர். "கடவுளே நம்மைக் கைவிட்டுவிட்டார்" என்று குழந்தை நினைக்கிறது. துன்பம் வந்தால் மற்றவர்கள் ஆலயத்துக்குப் போய் அழுவார்கள். இவர்கள் எங்கே போய் அழுவது? ஆலய மணி கேட்டாலே நெஞ்சு படபடக்கிறதே!

இதற்குச் சிகிச்சை உண்டு. அமெரிக்க மனநல டாக்டர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் எழுதிய நூலில் மூன்று படிகளைச் சொன்னார். முதலில் பாதுகாப்பு: பயமில்லாத இடம், நிம்மதியான தூக்கம், நம்பத்தக்க துணை. இரண்டாவது, நடந்ததைத் தன் வேகத்தில் நினைத்துப் பார்த்து, இழந்ததற்காக அழுது தீர்ப்பது. மூன்றாவது, மனிதர்களோடு மறுபடியும் சேர்ந்து வாழ்வது.

முதல் படியில் கால் வைக்குமுன், "நடந்ததை எல்லாம் சொல்லு" என்று யாரும் பிடுங்கக் கூடாது. "மன்னித்துவிடு, மறந்துவிடு" என்று உபதேசமும் செய்யக் கூடாது. மன்னிப்பதும் மன்னிக்காததும் பாதிக்கப்பட்டவரின் உரிமை. மறுபடி ஆலயத்துக்குப் போவதும் போகாததும் அப்படியே.

தவணை வைத்த வைத்தியம்

1996-ல் மெல்போர்ன் கத்தோலிக்க சபை ஒரு நிவாரணத் திட்டம் தொடங்கியது. ஆரம்பத்தில் உச்சவரம்பு 50,000 ஆஸ்திரேலிய டாலர். மனநல ஆலோசனையும் சபை ஏற்படுத்திய அமைப்பின் வழியாகவே கிடைத்தது. எந்த வாசலைப் பார்த்து நடுங்கினார்களோ, உதவிக்கும் அதே வாசலில்தான் நிற்க வேண்டும். இது என்ன நியாயம்? செலவை நிறுவனம் கொடுக்கட்டும். வைத்தியரைப் பாதிக்கப்பட்டவரே தேர்ந்தெடுக்கட்டும்!

2018 ஜூலையில் நாடு முழுவதற்குமான அரசுத் திட்டம் வந்தது. பணம், மனநல ஆலோசனை, நிறுவனத்தின் நேரடி மன்னிப்பு ஆகிய மூன்றும் அதில் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் கமிஷன் பரிந்துரைத்த உச்சவரம்பு 2,00,000 டாலர். அரசு வைத்தது 1,50,000. ஆலோசனை ஆயுள் முழுவதும், வேண்டும்போதெல்லாம் கிடைக்க வேண்டும் என்று கமிஷன் சொன்னது. சிலருக்கோ ஆலோசனைச் செலவுக்கென்று ஒரு தொகை மட்டுமே. அதுவும் 5,000 டாலருக்கு மேல் இல்லை. இந்தக் காயம் கல்யாணத்தின்போது வலிக்கும், பிள்ளை பிறக்கும்போது வலிக்கும், முதுமையிலும் வலிக்கும். ஆயுள் முழுவதும் வலிக்கும் காயத்துக்குத் தவணை வைத்து வைத்தியம் பார்க்கலாமா?

அதே ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி, பிரதமர் ஸ்காட் மாரிசன் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்டவர்களைத் தானும் நாடும் நம்புவதாக அப்போது கூறினார். பல்லாரட் ரிப்பன்கள் சொன்ன சேதியும் அதுதானே!

நம் வீட்டில்

எந்த மதத்தையும் பழிப்பது இங்கே நோக்கமல்ல. பக்தி வேறு, பக்தியின் போர்வையில் ஒளிந்த குற்றம் வேறு. நம் நாட்டிலும் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம், மத நிறுவனத்தைச் சேர்ந்தவரே அங்குள்ள குழந்தைக்குப் பாலியல் வன்கொடுமை செய்தால் அதைக் கடுமையான குற்றமாக வைத்திருக்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

ஆனால் சட்டத்துக்கும் டாக்டருக்கும் முன்னால் வருகிறவர்கள் தாயும் தகப்பனும்தான். உங்கள் குழந்தை, பெரிய மனிதர் ஒருவரைப் பற்றித் தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வந்தால், அடுப்பு வேலையை நிறுத்துங்கள். பத்திரிகையை மடித்து வையுங்கள். "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்காதீர்கள். "நான் நம்புகிறேன். உன் மேல் தப்பில்லை. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள்.

அந்த நேரத்தில் நீங்கள் காது கொடுத்தால், பல வருட மௌனம் ஒரே நாளில் முடியும்.