தையல் போட்டபின் யார் கூட வருவார்?

சிறுபோகக் காலத்தில் ஒரு நாள், வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் மண்வெட்டியால் வெட்டுப்பட்ட ஒரு கமக்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். தோளில் பதினான்கு தையல். வைத்தியர் நன்றாகவே கவனித்திருந்தார். தாதிமாரிலும் குறை சொல்ல இடமில்லை. பொலிசார் கட்டிலடிக்கு வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டு போனார்கள். நான்காம் நாள் துண்டு வெட்டி, கிளினிக் கொப்பியையும் ஒரு பை மருந்தையும் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

எந்த வீட்டுக்கு? அவர் இடம்பெயர்ந்து வந்து கொட்டில் போட்டிருந்த காணி, வெட்டியவருடைய மைத்துனரின் காணி. முறைப்பாட்டை வாபஸ் வாங்கினால் இருக்கலாம், இல்லையென்றால் மூட்டை கட்டலாம் என்று அவருடைய மனைவிக்கு ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு இது தெரியாது, பொலிசாருக்கும் தெரியாது. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். கேட்பதற்குத்தான் ஒருவரும் இருக்கவில்லை. மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு சமாதானமாக முடிந்தது என்று கேள்விப்பட்டோம். ‘சமாதானம்’ என்ற சொல்லை இந்த இடத்தில் எழுத எமக்கே கூச்சமாயிருக்கின்றது.

குற்றத்தினால் பாதிக்கப்பட்டவர் என்றதும் எமது எண்ணம் நீதிமன்றத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்குமே ஓடுகின்றது. ஆனால் எம் கிராமங்களில் அடிபட்டவரும் வெட்டுப்பட்டவரும் கெடுக்கப்பட்டவரும் முதலில் போய்ச் சேருவது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கே. பொலிஸ் நிலையத்துக்குப் போகப் பயந்தவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பணம் கேட்கமாட்டார்கள், காயம் ஏற்பட்டது எப்படி என்று ஒரு பொய் சொல்லிச் சமாளித்துக்கொள்ளவும் முடியும். ஆகவே, பாதிக்கப்பட்டவரோடு கூட நிற்கும் வேலை தொடங்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி வாசல் என்பதே எமது கருத்து. ஆஸ்பத்திரி தனித்து அதைச் செய்ய முடியாது. வெளியிலுள்ள சேவை நிலையங்களும் எங்களைப் போன்ற கிராமத்துச் சங்கங்களும் அந்த வாசலில் காத்திருக்க வேண்டும்.

முதலில் சில காரியங்களை எல்லாரும் அறிந்திருப்பது நல்லது. சிகிச்சை பெறுவதற்கு முன்னதாகப் பொலிசில் முறையிட்டிருக்க வேண்டும் என்பதில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பொலிசார் வழங்கும் மருத்துவ சட்டப் பரிசோதனைப் படிவத்தில் சட்ட வைத்திய அதிகாரி எழுதும் குறிப்பே பின்னர் வழக்கில் பெரிய சாட்சியாக நிற்கும். அந்தப் பரிசோதனைக்குப் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் வேண்டும். பாலியல் வன்செயலுக்கு உள்ளானவரானால் நேரம் மிக முக்கியம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரைக்கு ஐந்து நாள் வரை இடமுண்டு, அதுவும் பிந்தப் பிந்தப் பலன் குறையும். குளிக்காமல், உடுப்புத் தோய்க்காமல் போவது சாட்சியைக் காப்பாற்றும். உடுப்பைப் பொலித்தீனில் சுற்றாமல் கடதாசிப் பையில் வைக்க வேண்டும், ஈரம் அடைபட்டால் தடயம் பழுதாகிவிடும். குளித்துவிட்டோமே, இனிப் போய் என்ன பயன் என்றும் இருந்துவிடக் கூடாது. இவற்றை எங்கள் பெண்களுக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? பயிருக்கு எந்த மருந்து எத்தனையாம் நாள் அடிப்பது என்று வகுப்பு வைத்திருக்கிறோம். இதற்கு வைக்கவில்லை.

இங்கே எம்முடைய குற்றமொன்றையும் சொல்ல வேண்டியிருக்கின்றது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் இரவில் எமது வாசலுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. நாம் தேநீர் கொடுத்து, ஆறுதல் சொல்லி, மறுநாள் புருஷனையும் கூப்பிட்டுப் புத்தி சொல்லி, இருவரையும் சேர்த்து அனுப்பினோம். குடும்பம் ஒன்று உடையாமல் காத்துவிட்டோம் என்ற திருப்தியோடு நித்திரைக்கும் போனோம். இரண்டு கிழமையில் அவள் கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மாமரத்திலிருந்து விழுந்ததாகக் கொப்பியில் எழுதியிருந்தது. மாங்காய்க் காலம் அல்ல அது. எழுதியவருக்கும் அது தெரியாமலிருந்திருக்காது. நாமும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரியும் கேட்கவில்லை. எங்களைப் போன்ற குருக்களும் ஊர்ப் பெரியவர்களும் செய்துவைக்கும் சமாதானங்களில் எத்தனை இந்த வகையைச் சேர்ந்தவை என்று எண்ணிப் பார்க்க வேண்டியவர்களாயிருக்கின்றோம்.

அன்றைக்கு எமக்குத் தெரியாமலிருந்தவை இன்று கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, அடிபட்டவர் நேரடியாக நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவருக்காகப் பொலிசாரும் கோரலாம். கட்டளை பன்னிரண்டு மாதம் வரை நீளக்கூடும். புருஷனை மறியலில் போடும் வழக்கல்ல இது. அடிக்காதே, கிட்ட வராதே என்று நீதிமன்றம் இடும் தடை. பலர் இந்த வித்தியாசம் தெரியாமலேயே பயந்து பின்வாங்குகிறார்கள். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவி, பாதுகாப்பு வழங்கவென 2015 இல் 4 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2023 இல் 10 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கின்றது. இதற்கென ஒரு தேசிய அதிகாரசபையும் உண்டு. பெண்களுக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கமும் பிள்ளைகளுக்கு 1929 என்ற இலக்கமும் உண்டு. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், உளவள ஆலோசனை செய்பவரும் இருக்கிறார்கள். பணமில்லாதவருக்கு வழக்காட 1978 முதல் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கின்றது.

ஆஸ்பத்திரிக்குள்ளேயும் ஒரு கதவு திறந்திருக்கின்றது. சுகாதார அமைச்சு பல அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ‘நட்பு நிலையம்’ என்ற பெயரில் ஓர் அறையை அமைத்திருக்கிறது. சிங்களத்தில் ‘மிதுறு பியச’ என்பார்கள். வன்முறைக்கு உள்ளானவரை வாட்டிலிருந்தோ வெளிநோயாளர் பிரிவிலிருந்தோ அங்கே அனுப்பலாம். பயிற்சி பெற்ற தாதியோ வைத்தியரோ தனிமையில் இருத்திக் கேட்பார், எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுவார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பலகையைக் கடந்து நடந்து போகும் எமது மக்களில் எத்தனை பேருக்கு அது என்னவென்று தெரியும்? நட்பு என்ற சொல்லைப் பார்த்து, இரத்ததானக்காரரின் சங்க அறையாக்கும் என்று ஒரு பெரியவர் எம்மிடம் சொன்னார். சிரித்தோம், பிறகு சிரிப்பு வரவில்லை.

வெளிநாட்டு அனுபவம் இரண்டைச் சொல்லலாம். மலேசியாவில் 1994 இல் கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியில் வைத்தியர், பொலிசார், சமூகசேவைத் திணைக்களத்தார், பெண்கள் அமைப்பினர் ஆகியோர் ஒரே இடத்துக்கு வந்து பாதிக்கப்பட்டவரைப் பார்க்கும் நிலையமொன்றைத் தொடங்கினார்கள். பெண் ஒருத்தி தன் கதையைப் பத்துப் பேரிடம் பத்து இடத்தில் திருப்பிச் சொல்லும் கொடுமை அங்கே குறைந்தது. அதைக் கண்டு மற்ற ஆஸ்பத்திரிகளிலும் தொடங்கச் சொன்னார்கள். சிறிய ஆஸ்பத்திரிகளில் ஆளும் இல்லை, அறையும் இல்லை, பக்கத்தில் பெண்கள் அமைப்பும் இல்லை. ஆதலால் பெரியாஸ்பத்திரியில் நடந்ததுபோல் அங்கே நடக்கவில்லை. பம்பாயில் 2000 ஆம் ஆண்டில் ‘திலாசா’ என்ற நிலையம் மாநகரசபை ஆஸ்பத்திரி ஒன்றில் தொடங்கிற்று. மாநகரசபையும் சுகாதார ஆய்வு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து செய்தன. வெளியார் வந்து மேசை போட்டிருந்துவிட்டுப் போகாமல், ஆஸ்பத்திரி ஊழியரையே பயிற்றினார்கள். நஞ்சருந்தி வந்தவள், எரிகாயத்தோடு வந்தவள், ‘விழுந்துவிட்டேன்’ என்று வந்தவள் ஆகியோரிடம் வீட்டில் என்ன நடக்கிறது என்று தனியாகக் கேட்பதைப் பழக்கமாக்கினார்கள்.

நஞ்சு என்றதும் எமது வீடுகளை நினைக்கின்றோம். கூரைச் செத்தையில் செருகிவைத்த பூச்சிகொல்லிப் போத்தல் இல்லாத கமக்காரர் வீடு குறைவு. குடித்தவளுக்கு வயிறு கழுவி உயிரைக் காத்துவிடுகின்றது ஆஸ்பத்திரி. ஏன் குடித்தாள் என்பதை ‘குடும்பப் பிரச்சினை’ என்ற இரண்டு சொல்லில் முடித்துவிட்டால், பிரச்சினையிடமே அவளைத் திருப்பி அனுப்புகின்றோம்.

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு இதில் விசேட கஷ்டங்கள் உண்டு. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களில் இன்றும் சொந்தக் காணிக்குத் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட குடும்பங்களுக்குப் பதிவு ஓரிடம், இருப்பு வேறிடம். நீதிமன்றக் கடிதம் பழைய விலாசத்துக்குப் போகும். தவணைக்கு வராதபடியால் வழக்கில் அக்கறையில்லை என்று எண்ணுவார்கள். எந்தக் கிராம அலுவலரிடம் கடிதம் வாங்குவது என்பதிலேயே ஒரு நாள் போகும். தவணை அரிவி வெட்டும் நாளில் வந்தால் கூலியும் போகும். தன் சொந்த ஊரில் மாமன் மச்சானாவது துணை நிற்பான். வந்த ஊரில் துணை என்று சொல்ல, பக்கத்துக் கொட்டில்காரர்தான் இருக்கிறார்.

ஆகவேதான் ஆஸ்பத்திரியும் வெளிச்சேவையும் எழுத்தில் ஓர் உடன்பாட்டுக்கு வரவேண்டும் என்கின்றோம். நல்ல தாதி ஒருவர் இருக்கும்வரை நடக்கும், அவர் மாற்றலாகிப் போனதும் நின்றுவிடும் ஏற்பாடு போதாது. துண்டு வெட்டுமுன் ஒரே ஒரு கேள்வியை எல்லாரிடமும் கேட்க வேண்டும்: ‘திரும்பிப் போகும் இடம் உங்களுக்குப் பத்திரமான இடமா?’ வெட்டுப்பட்ட ஆணிடமும் அதைக் கேட்க வேண்டும். இல்லை என்றால், அவருடைய சம்மதத்தோடு யாருக்கு அறிவிப்பது என்ற பெயர்ப் பட்டியல் வாட்டில் இருக்க வேண்டும். எமது பக்கத்தில், மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் ஆளுக்கு இருவரைத் தெரிந்து பயிற்றிவிட வேண்டும். அவர்களுடைய வேலை கூடப் போவது: கிளினிக்குக்கு, பொலிசுக்கு, நீதிமன்றத்துக்கு. ஆலோசனை சொல்லும் வேலையை, அதைப் படித்தவரிடம் விட்டுவிட வேண்டும்.

இதற்கு இரண்டு ஆட்சேபங்களைக் கேட்டிருக்கிறோம். ஆஸ்பத்திரிக்கு இருக்கிற வேலையே போதும் என்று ஒரு வைத்தியர் சொன்னார். வெளிநோயாளர் வரிசையைக் கண்ட எவரும் அவரைக் குறைகூற முடியாது. ஆனால் அதே பெண் ஒரே வருடத்தில் மூன்றாந் தடவை வந்தால் அதுவும் வேலைதானே? மற்ற ஆட்சேபம் கனமானது. ஊராளையே கூடப்போக விட்டால் ஊரெல்லாம் கதை பரவிவிடும் என்கிறார்கள் பெண்கள். இது உண்மை. வாட்டில் நிற்கும் சிற்றூழியரே பக்கத்து ஒழுங்கைக்காரராய் இருப்பார். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அடுத்த கிராமத்தவரைத் துணைக்கு அனுப்பலாம். வாய் காக்கத் தெரியாதவரைத் தயக்கமின்றி விலக்க வேண்டும், அவர் சங்கத் தலைவியாக இருந்தாலும் சரி.

செலவு பெரிதல்ல. பஸ் காசு, தொலைபேசிக் காசு, தவணை நாளில் ஒரு நேரச் சாப்பாடு. எமது பகுதியில் மரணச் சகாய நிதிக்கு மாதந்தோறும் காசு சேர்க்கிறோம். அதில் ஒரு சிறு பங்கை உயிரோடிருப்பவருக்கு ஒதுக்குவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசும்படி சங்கங்களைக் கேட்டிருக்கின்றோம். ஆஸ்பத்திரிக்கும் ஒரு வேண்டுகோள் எழுதினோம். பின்னேரம் நாலு மணிக்குத் துண்டு வெட்டினால் எமது பக்கத்துக் கடைசி பஸ் போய்விடும், இருட்டில் தனியே நிற்கும் பெண்ணை ஏற்றிப் போக வருகிறவன் அநேகமாக அவளை அடித்தவனாகவே இருப்பான். ஆகையால் இப்படிப்பட்டவர்களுக்குக் காலையிலேயே துண்டு தரவேண்டும் என்று கேட்டிருந்தோம். பதில் இன்னும் வரவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை நேரே போய்க் கேட்கப் போகின்றோம், மாதர் சங்கத்திலிருந்து இருவர் கூட வருகிறார்கள்.